கறியைக் கைவிட முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி: கோழியிலிருந்து தொடங்குங்கள்

பண்ணை விலங்குகள் படும் பாட்டைப் பார்த்து மனம் கேட்காமல், இனிக் கறி வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறீர்களா? இது உங்களுக்காக. சைவக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஞாயிறு என்றால் கறிக்குழம்பு, விசேஷம் என்றால் பிரியாணி என்று இருக்கும் வீட்டில், தான் ஒருவர் மட்டும் மாற நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பல்லடம் பக்கம் வளர்ந்த எனக்குக் கோழிப் பண்ணையும் தெரியும், கறி விருந்தும் தெரியும். ஆனால் எந்த ரத்தப் பரிசோதனை எடுப்பது, கடையில் என்ன கேட்பது, மாமியார் வீட்டில் எப்படிச் சொல்வது என்று எடுத்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை. ஒவ்வொன்றையும் அலைந்து திரிந்துதான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. எந்தக் கறியை முதலில் விடுவது என்று தீர்மானியுங்கள்

பலர் வழி மாறிப் போகும் இடம் இதுதான். "மட்டனை நிறுத்திட்டேன், இப்ப சிக்கன் மட்டும்தான்" என்பார்கள். உடம்புக்காக என்றால் அதற்கு நியாயம் இருக்கலாம். விலங்குகளுக்காக என்றால் அது நேர் எதிரான வேலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சாதாரண வெள்ளாட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோ கறி தேறும். இரண்டு கிலோ எடையுள்ள கறிக்கோழியை உரித்து எடுத்தால் ஒன்றரைக் கிலோகூட வராது. வாரம் அரைக் கிலோ கோழிக்கறி சாப்பிடுகிறவருக்கு வருடத்துக்கு 26 கிலோ ஆகிறது. அதற்குப் பதினெட்டு, பத்தொன்பது கோழிகள் வேண்டும். அதே 26 கிலோ ஆட்டுக்கறி என்றால் இரண்டு மூன்று ஆடுகளோடு முடிந்துவிடும். மட்டனை விட்டுச் சிக்கனுக்கு மாறியவர், சாகும் உயிர்களின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறார்.

அந்த உயிர்கள் வாழும் விதமும் வேறு. நம் ஊர் ஆடு பெரும்பாலும் மேய்ச்சலில் வளர்கிறது. வெயில், நிழல், தழை எல்லாம் பார்க்கிறது. கறிக்கோழி 35 முதல் 42 நாளுக்குள் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டும் என்றே உருவாக்கப்பட்ட இனம். எலும்பும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், கடைசி நாட்களில் கால் தாங்காமல் உட்கார்ந்தே கிடக்கும் கோழிகளைக் கொட்டகையில் பார்க்கலாம். கடைக்குப் போகும் வழியில் இருசக்கர வண்டியின் இரண்டு பக்கமும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது கூண்டு முட்டை. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் முட்டைக்கோழிகள் கம்பிக் கூண்டில் இருக்கின்றன. ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சிலேயே அலகு நுனியை வெட்டிவிடுவார்கள். 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்கின்றன. ஒரு ஏ4 தாளின் பரப்பு இதைவிடப் பெரிது. எழுபது, எண்பது வார வயதில் முட்டையிடுவது குறைந்ததும் அந்தக் கோழி கறிக்குப் போகிறது. அதனோடு பிறந்த ஆண் குஞ்சோ முட்டையும் இடாது, கறிக்கும் லாபமாக வளராது என்பதால் பொரிப்பகத்திலேயே, பிறந்த அன்றே கொல்லப்படுகிறது. "கரு கூடாத முட்டைதானே, அது சைவம்தான்" என்று யாராவது சொன்னால் இந்தக் குஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் கறிக்கோழி, பிறகு கூண்டு முட்டை, அதன்பின் பண்ணை இறாலும் மீனும், கடைசியில் ஆட்டுக்கறி. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட உங்களால் முடியுமென்றால் நல்லது, விட்டுவிடுங்கள். முடியாதவர்கள் வரிசையை மாற்றாமல் போனாலே போதும். இறாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொரிப்பகங்களில் தாய் இறால் சீக்கிரம் முட்டையிட வேண்டும் என்பதற்காக அதன் கண்காம்பை நறுக்கிவிடும் வழக்கம் உண்டு. கோழிக்கு இரக்கப்பட்டுவிட்டு இறாலுக்கு மாறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏமாறக் கூடிய இடம்: "நாட்டுக்கோழி முட்டை", "ஆர்கானிக்", "மருந்து கலக்காதது" என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதால் கோழி திறந்தவெளியில் வளர்ந்தது என்று ஆகிவிடாது. ஓடு பழுப்பாக இருப்பது இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் கோழியும் கூண்டில் இருக்கலாம்.

2. மாதத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்

புரட்டாசிதான் நல்ல தொடக்கம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பல வீடுகளில் கறி எடுக்கமாட்டார்கள். நீங்கள் தனியாக எதையும் விளக்க வேண்டாம், தனிச் சமையலும் வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தவக்காலம். கார்த்திகையில் வீட்டில் யாராவது சபரிமலைக்கு மாலை போட்டால் அந்த நாட்களும் ஒத்துவரும். ஆடி மாதம் வேண்டாம். கூழுக்குக் கருவாடு, கோயிலில் கிடாவெட்டு என்று ஒவ்வொரு வாரமும் ஓர் அழைப்பு வரும்.

புரட்டாசியில் தொடங்குகிறவர்களுக்கு உண்மையான சோதனை, மாதம் முடிந்து வரும் முதல் ஞாயிறு. கறிக்கடையில் விடிகாலையிலேயே வரிசை நிற்கும், தெரு முழுக்க மசாலா மணக்கும். அதன் பின்னாலேயே தீபாவளி வந்துவிடும். அந்த ஞாயிறுக்கு என்ன சமைப்பது என்று முந்தைய புதன்கிழமையே முடிவு செய்துவிடுங்கள். காளான் பிரியாணியோ பலாக்காய்க் குழம்போ, வீடே மணக்கிற மாதிரி ஏதாவது ஒன்று.

3. ரத்தப் பரிசோதனை: மாறுவதற்கு முன்பே

இதைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் எடுத்து வைத்த அறிக்கை இல்லையென்றால், ஒரு வருடம் கழித்து அசதி வரும்போது அது உணவால் வந்ததா, முன்பே இருந்ததா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. வீட்டில் உள்ளவர்களோ தயங்காமல் "கறியை விட்டதால்தான்" என்று சொல்லிவிடுவார்கள்.

எடுக்க வேண்டியவை நான்கு: முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, பி12, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் டி. தனியார் ஆய்வகத்தில் நான்கும் சேர்த்து ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ரூபாய் வரை ஆகலாம். தனித்தனியாகக் கேட்டால் கூடும், தொகுப்பாகக் கேட்டால் குறையும். இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரியுங்கள். ரத்த அணுப் பரிசோதனை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். பரிசோதனைக்கு முன் பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை, ஊசி எதுவும் போட்டுக்கொள்ள வேண்டாம். பி12 அளவைக் கூட்டிக் காட்டிவிடும். ஏற்கெனவே போட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பொதுவாக பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு, 200 முதல் 300 வரை எல்லைக்கோடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். தினமும் கறி தின்றவர்களுக்குக்கூட நம் ஊரில் இது குறைவாக இருப்பது உண்டு. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் நெஞ்செரிச்சலுக்கு நெடுநாள் மாத்திரை போடுகிறவர்களுக்கும் பி12 உடம்பில் சேர்வது குறையும். குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மாறுங்கள்.

பி12 விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், கல்லீரலில் அதன் சேமிப்பு வருடக்கணக்கில் தாங்கும். முதல் ஆறு மாதம் நன்றாக இருக்கிறீர்கள் என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். கை கால் மரத்துப்போவது, நாக்கு எரிச்சல், மறதி, மூச்சிரைப்பு எல்லாம் மெதுவாகத்தான் வரும். நரம்பு பாதிக்கப்பட்டு நாள் கடந்துவிட்டால் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் மாற வேண்டாம். முக்கியமாக, உங்கள் இரக்கத்துக்காக இரண்டு வயதுக் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விடாதீர்கள்.

4. அடுப்படியைச் சரிசெய்யுங்கள்

கறியை மட்டும் தட்டிலிருந்து எடுத்துவிட்டு மிச்சம் இருப்பதையே சாப்பிட்டால் சோறும் தண்ணிச் சாம்பாரும்தான் மிஞ்சும். மூன்றே மாதத்தில் சோர்ந்துபோவீர்கள். சைவத்துக்கு மாறித் திரும்பிப் போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் திரும்பியதற்குக் காரணம் கறி ஆசை என்பதைவிடப் பசி என்பதே பொருந்தும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். இதை எட்டுவது கடினமில்லை, ஆனால் அளந்து போட வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்குப் பருப்பு, பயறு, கடலை எல்லாம் சேர்த்து வேகவைக்காத எடையில் 80 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே 18 கிராம் புரதம் வந்துவிடும். ஒரு பெரிய கைப்பிடி நிலக்கடலை, 50 கிராம், 12 கிராம் தரும். பாலும் தயிருமாக 400 மில்லி எடுத்தால் இன்னொரு 12, 13 கிராம். இட்லி, சோறு, சப்பாத்தியில் வருவது மீதியை நிரப்பிவிடும். மீல் மேக்கரில் பாதிக்கு மேல் புரதம்தான். 30 கிராம் போட்டாலே 15 கிராம் கிடைக்கும். வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, மசாலாவில் பிரட்டினால் அந்தப் பச்சை வாடை போய்விடும்.

இரும்புச்சத்தில் பெண்களுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும். அதே பரிந்துரைப்படி ஆண்களுக்கு 19 மில்லிகிராம், பெண்களுக்கு 29. முருங்கைக்கீரை, கொள்ளு, எள், கம்பு எல்லாம் உதவும். ஆனால் கறியில் இருக்கும் இரும்பைப் போலச் செடியில் இருக்கும் இரும்பு எளிதில் உடம்பில் சேராது. சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். பயறை ஊறவைத்து முளைகட்டுவது, மாவைப் புளிக்கவைப்பது எல்லாம் இந்த வகையில் நமக்குச் சாதகமானவை.

பி12 தாவர உணவில் நம்பும்படியாகக் கிடையாது. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையில் இருக்கிறது என்று விற்பார்கள், அதை நம்ப வேண்டாம். பாலும் தயிருமாகத் தினம் அரை லிட்டர் எடுத்தால் ஒரு நாள் தேவையான 2.2 மைக்ரோகிராமை ஏறக்குறைய எட்டலாம். அந்த அளவு எடுக்காதவர்கள் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செலவு குறையும், கூடாது. கறிக்கோழி கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வாரம் ஒரு கிலோ எடுக்கும் வீட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அந்தப் பணத்தில் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, நிலக்கடலை, மீல் மேக்கர், இரண்டு பொட்டலம் காளான் எல்லாம் வாங்கியும் மிச்சம் இருக்கும். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம்பருப்பை விடாமல் வாங்குங்கள். செலவு கையை மீறுவது பனீரிலும், கறி மாதிரியே செய்து உறைநிலையில் விற்கும் பொட்டலங்களிலும்தான். அவை விசேஷ நாளுக்குப் போதும்.

ருசிக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் நாக்கு கேட்பது பெரும்பாலும் மசாலாவைத்தான். பள்ளிபாளையம் சிக்கனுக்குப் போடும் அதே சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லைக் காளானுக்குப் போட்டுப் பாருங்கள். மீன் மசாலாவைச் சேனைக்கிழங்கில் தடவிக் கல்லில் போட்டு எடுங்கள். வாழைப்பூவிலும் மீல் மேக்கரிலும் கோலா உருண்டை நன்றாக வரும். கறிக்குழம்புக்கு அரைக்கும் சோம்பும் பட்டையும் கசகசாவும் அடுப்படியில் அப்படியே இருக்கட்டும்.

5. வீட்டில் சொல்வது

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுதான்.

முதலில் சமைப்பவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பந்தியில் இலை போட்டு, எல்லோரும் உட்கார்ந்தபின் "நான் கறி சாப்பிடறதில்ல" என்று அறிவித்தால் அது அந்தச் சமையலை அவமதித்ததாகத்தான் போய்ச் சேரும். "அம்மா, உங்க கைப்பக்குவத்துல ஒரு குறையும் இல்ல. அந்தக் கோழிங்க படற பாட்டப் பார்த்தப்புறம் எனக்குச் சாப்பிட முடியல. எனக்குன்னு தனியா எதுவும் வேண்டாம், நானே ஒரு பொரியல் பண்ணிக்கறேன்" என்ற அளவில் போதும். சொன்னபடி அந்தப் பொரியலை நீங்களே செய்யவும் வேண்டும். ஒருவருடைய கொள்கை இன்னொருவருக்கு இரட்டை அடுப்பு வேலையாக மாறினால் அந்த வீட்டில் அது நிலைக்காது.

"என்ன, ஐயர் ஆயிட்டியா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நம் ஊரில் கறி சாப்பிடாததைச் சாதியோடும் தீட்டோடும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் பழையது, அதனால் பட்ட காயங்களும் நிறைய. ஆகவே உங்கள் பேச்சில் "சுத்தம்" என்ற சொல்லே வர வேண்டாம். தனித் தட்டு, தனிப் பாத்திரம், தனிப் பந்தி என்று கேட்காதீர்கள். கறி சாப்பிடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வாடகைக்கு வீடு தேடும்போது "சைவர்களுக்கு மட்டும்" என்று பலகை போட்ட வீடு உங்களுக்கு எளிதாகக் கிடைக்கலாம். உங்களைப் பெற்றவர்களையே உள்ளே விடாத வீடு அது. நமக்கு இரக்கம் கோழியின்மேல், அது மனிதரைத் தள்ளிவைக்கும் காரணமாகக் கூடாது. இதை நான் எந்தச் சமரசமும் இல்லாமல் சொல்வேன்.

குலதெய்வக் கோயில் கிடாவெட்டு, காதுகுத்து விருந்து, கருமாதிக் கறிச்சோறு ஆகியவற்றுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். போங்கள், கோயில் வரியைக் கொடுங்கள், இலை போடுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள். சமையல்காரரிடம் முந்தைய நாளே சொல்லிவைத்தால் ரசம், மோர், ஒரு கூட்டு எப்படியும் இருக்கும். வெட்டும் இடத்தில் நிற்க முடியாதென்றால் அந்த நேரத்தில் சந்தனம், பூ, வண்டி என்று ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த நேர்த்திக்கடன் என்றால் பூசாரியிடம் பொங்கல் படையல் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சில கோயில்களில் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

சொந்தத்தில் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்கள் இருந்தால் அவர்கள்மேல் பாயாதீர்கள். ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. விவசாயிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலிதான். கொட்டகைக் கடனைக் கட்டி முடிக்காமல் அவரால் வெளியே வர முடியாது. அவரிடம் சண்டை போட்டு ஒரு கோழியும் பிழைக்கப்போவதில்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளை தானாகவே முட்டை வேண்டாம் என்கிறதா? தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தரும் ஏற்பாடு இருக்கிறது. வகுப்பாசிரியரிடமோ சத்துணவு அமைப்பாளரிடமோ சொன்னால் போதும். வாழைப்பழத்தில் முட்டைக்கு ஈடான புரதம் கிடையாது, அதை வீட்டில் சுண்டலாகவோ கடலையாகவோ கொடுத்து ஈடுசெய்ய வேண்டும். மற்றபடி, வேறு நல்ல உணவு கிடைக்காத பிள்ளைகளின் தட்டிலிருந்து அந்த முட்டையை எடுக்கச் சொல்லும் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை.

6. வெளியே சாப்பிடும்போது கேட்க வேண்டியவை

"வெஜ்ஜா?" என்று கேட்டால் "வெஜ்தான்" என்றுதான் பதில் வரும். பீஸ் இல்லாவிட்டால் வெஜ் என்று நினைக்கும் கடைகள் நிறைய. அதனால் கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்.

குஸ்கா பெரும்பாலும் பிரியாணிச் சோறுதான். அதே அண்டாவிலிருந்து கறித்துண்டு இல்லாமல் எடுத்துப் போடுவார்கள். "எந்த அண்டா?" என்று கேளுங்கள். பரோட்டா மாவில் பல கடைகளில் முட்டை ஊற்றுவார்கள். வெறும் சால்னா என்று வருவதில் கோழியோ எலும்போ வெந்திருக்கும், "குருமா தனியா இருக்கா?" என்று கேளுங்கள். தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸில் முட்டை வேண்டாம் என்று சொன்னாலும் அதே வாணலி, அதே கரண்டி. கோபி மஞ்சூரியனும் சிக்கன் 65-உம் ஒரே எண்ணெயில் பொரியும். இதில் எவ்வளவு தூரம் போவது என்பது உங்கள் விருப்பம். எண்ணெயைப் பகிர்வதால் கூடுதலாக ஒரு கோழி சாவதில்லை என்பதால் நான் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. சால்னாவைக் கட்டாயம் தவிர்ப்பேன்.

பேக்கரியில் கேக் என்றாலே முட்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள், முட்டையில்லாதது என்று தனியாகச் சொன்னால் தவிர. காய்கறி பப்ஸின் மேலே பளபளப்புக்கு முட்டை தடவியிருக்கலாம். மயோனைஸையும் கேட்டு வாங்குங்கள். ரமலானில் பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சியில் பெரும்பாலும் கறி இருக்கும். கொடுப்பவரிடம் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். கடல்பாசி இனிப்பு பாசியிலிருந்து வருவது, பயமில்லாமல் சாப்பிடலாம். ஜெல்லி மிட்டாய் அப்படியில்லை, அதில் விலங்கின் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் இருக்கக்கூடும்.

இலங்கையில் சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போடுவார்கள், தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல் எதுவானாலும் "மாசி போட்டதா?" என்று கேட்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூரில் சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். தாய்லாந்துக் குழம்புகளில் மீன் சாஸ். காய்கறி மட்டும் மிதப்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

7. பொட்டலமும் மாத்திரையும்

இந்தியாவில் வேலை எளிது. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம். பழைய பொட்டலங்களில் முக்கோணத்துக்குப் பதில் வட்டம் இருந்தது. முட்டை சேர்ந்தாலே அசைவக் குறிதான். பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமியும் அசைவக் கணக்கில் வரும். பாலும் தேனும் பச்சைக் குறிக்குள் அடங்கும். பாலும் இல்லாததை வேண்டுகிறவர்கள் பச்சை நிற "வி" எழுத்தின்மேல் சிறு இலை உள்ள குறியைத் தேடலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பின்பக்கத்தைப் படித்தாக வேண்டும். இ120 என்றால் அந்தப் பூச்சி நிறமி. ஜெலட்டின் பெரும்பாலும் அதே பெயரில் இருக்கும், சிலவற்றில் இ441 என்று இருக்கும். பாலாடைக்கட்டியில் ரென்னெட் (பாலைத் திரித்துக் கட்டியாக்கும் பொருள்) என்று மட்டும் இருந்தால் அது கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். நுண்ணுயிர் ரென்னெட் என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை.

மாத்திரையில் வழுவழுப்பான கேப்ஸ்யூல்கள் பெரும்பாலும் ஜெலட்டின்தான். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து வருகிறது. மருத்துவர் சீட்டு எழுதும்போதே, "கேப்ஸ்யூலுக்குப் பதில் மாத்திரை இருக்கிறதா?" என்று கேளுங்கள், எழுதி முடித்தபின் மருந்துக்கடையில் மாற்றுவது சிரமம். மாற்று இல்லையென்றால் கொடுத்த மருந்தைச் சாப்பிடுங்கள். அவசர சிகிச்சையில் இந்தக் கேள்வியே வேண்டாம்.

8. ரயில், விமானம், விடுதி

வந்தே பாரத், சதாப்தி போன்ற ரயில்களில் சைவமா, அசைவமா, சாப்பாடே வேண்டாமா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். முகவர் மூலம் எடுத்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள், டிக்கெட்டில் என்ன பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள்.

வெளிநாட்டு விமானத்தில் பெரிய பொறி ஒன்று உண்டு. "இந்து உணவு" என்ற பெயரைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துப் பலர் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் அது மாட்டிறைச்சி இல்லாத அசைவ உணவு. நீங்கள் கேட்க வேண்டியது ஏ.வி.எம்.எல். என்ற குறியீடு, இந்திய முறைச் சைவம், பால் உண்டு. பாலும் வேண்டாமென்றால் வி.ஜி.எம்.எல். குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிய வேண்டும், சில நிறுவனங்கள் 48 மணி நேரம் கேட்கும். பயண தேதியை மாற்றினால் உணவுப் பதிவு சேர்ந்து மாறியதா என்று மறுபடி பாருங்கள்.

கல்லூரி விடுதியில் சைவ மெஸ்ஸுக்கு மாறுவது மாதத் தொடக்கத்திலோ பருவத் தொடக்கத்திலோதான் நடக்கும். காப்பாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் மாதக் கடைசியில் அசைவக் கட்டணமே போட்டுவிடுவார்கள்.

9. ஆறாம் மாதம்: மறு பரிசோதனை, பால்

ஆறு மாதத்தில் அதே நான்கு பரிசோதனைகளையும் முடிந்தால் அதே ஆய்வகத்தில் எடுங்கள். இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபெரிட்டின் இறங்கியிருந்தால் சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள், இரும்பு மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். எல்லாம் நன்றாக இருந்தால் அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை போதும்.

பாலைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரமும் இதுதான். பசு தொடர்ந்து பால் கொடுக்க மறுபடி மறுபடி கன்று ஈன வேண்டும். கலப்பினக் காளைக் கன்றுக்கு உழவிலும் வேலை இல்லை, கறவையிலும் வேலை இல்லை. அது எங்கே போகிறது என்று கறவை மாடு வைத்திருக்கும் எவரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கறியையும் பாலையும் ஒரே நாளில் விட வேண்டும் என்று நான் யாரையும் வற்புறுத்தமாட்டேன், ஏனென்றால் இரண்டையும் சேர்த்து விட்டு இரண்டுக்கும் திரும்பிப் போனவர்கள் உண்டு. கறி இல்லாத சாப்பாடு பழகியபின், முதலில் காபி, டீயில் இருக்கும் பாலைக் குறைத்துப் பாருங்கள். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்து வடிகட்டிய பால் வீட்டிலேயே மலிவாக வரும். அதில் உறை ஊற்றினால் தயிரும் ஓரளவு உறையும், ஆனால் புளிப்பும் மணமும் வேறாக இருக்கும். சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகு, எள், கீரை மூன்றையும் கூட்டுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஒரு நாள் தேவை 1,000.

பாலை நிறுத்தும் அன்றே பி12 மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். எந்த அளவு, தினமா வாரம் ஒருமுறையா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.